டி.என்.ஏ. வேஷம் போட்ட புரதம்

ஆராய்ச்சிக்கூடத்தில் குப்பை கொட்டியவர்களுக்குத் தெரியும்: சோதனை சரியாக வந்தால் வழிகாட்டியான மேடத்தின் யோசனை அருமை, வராவிட்டால் நம் கை சரியில்லை. இரண்டாயிரத்தின் தொடக்கத்தில், தில்லியில், நானும் அப்படியொரு கைக்குச் சொந்தக்காரி. ஆராய்ச்சிக் காலம் முடிய ஆறு வாரம்தான் பாக்கி.

வேலைநிறுத்தம்

வைரஸ் தன் டி.என்.ஏ.வை பாக்டீரியாவுக்குள் செலுத்தினால், பாக்டீரியாவின் என்சைம் ஒன்று அதைத் துண்டு துண்டாக வெட்டிவிடும். அந்த என்சைமோடு வைரஸின் சின்னப் புரதம் ஒன்றைச் சேர்த்துப் பார்ப்பது என் வேலை. சேர்த்தேன். என்சைம் வெட்டவே இல்லை. புது என்சைம், புது உப்புக்கரைசல், எதை மாற்றியும் அதே கதை. புரதம் சேர்க்காத குழாயில் மட்டும் ஒழுங்காக வெட்டியது. பக்கத்து மேஜை சிம்ரன், லூதியானாக்காரி, வெட்டுப்பட்ட துண்டுகளைக் கோடுகோடாகக் காட்டும் என் ஜெல்லை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அரே, உன் என்சைம் ஸ்டிரைக் பண்ணுது. வா, சாய் குடிக்கலாம்."

குப்பை

"உன் புரதத்தில் டி.என்.ஏ. குப்பை கலந்திருக்கிறது. என்சைம் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது" என்றார் மேடம். நியாயமாகத்தான் பட்டது. சுத்திகரிக்கும்போதும் அந்தப் புரதம் டி.என்.ஏ. மாதிரியே வடிகட்டும் குழாயில் ஒட்டிக்கொண்டு, கடைசியில்தான் இறங்கியது.

சரியென்று, டி.என்.ஏ.வைத் தின்றுவிடும் இன்னொரு என்சைமால் குப்பையை ஒழித்து, அதையும் நீக்கிவிட்டுச் சோதித்தேன். அப்போதும் வெட்டவில்லை. புரதத்தைச் சிதைத்துவிட்டுச் சோதித்தேன். வெட்டியது! அப்படியானால் என்சைம் இத்தனை நாள் எதைத்தான் பிடித்துக்கொண்டிருந்தது? அதே யோசனையில் பஸ்ஸில் நான் இறங்கவேண்டிய லக்ஷ்மிபாய் நகரைத் தாண்டிப் போய் இறங்கினேன். மறுநாள் மேடம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, என்னை ஏற இறங்கப் பார்த்து, மகளே என்று இந்தியில் ஆரம்பித்தார்: "பேட்டி, குழாய்களுக்கு லேபிள் ஒட்டினாயா?"

உருவம்

கடைசி முயற்சியாக, கீழ்மாடியில் புரதங்களின் உருவத்தை ஆராயும் வங்காளத்து அண்ணன் பானர்ஜி தாதாவிடம் ஓடினேன். அவர் அந்தப் புரதத்தைக் கம்ப்யூட்டர் திரையில் திருப்பித் திருப்பிக் காட்டினார். நீளமாக, லேசாக வளைந்து, டி.என்.ஏ. பருமனிலேயே இருந்தது. டி.என்.ஏ.வில் எதிர்மின்னூட்டங்கள் வரிசைகட்டி நிற்குமே, அதேபோல இதிலும் நின்றன. டி.என்.ஏ. என்று நம்பி என்சைம் இதைக் கட்டிக்கொள்கிறது. வெட்டவும் முடியாது, விடவும் மாட்டேன் என்கிறது.

மேடம் நம்பவில்லை. பல வருடம் கழித்து முதல்முறையாகத் தானே கையுறை மாட்டிக்கொண்டு சோதனை செய்தார். அவருக்கும் வெட்டவில்லை. ஜெல்லையே பார்த்துக்கொண்டிருந்தவர் மெதுவாகச் சொன்னார்: "இத்தனை நாளா உன்னைச் சந்தேகப்பட்டேன். தப்பு என்மேல்தான். அச்சா, இன்னும் ஒரு வருஷம் எடுத்துக்கோ."

பட்டம் வாங்கிவிட்டேன், ஆனால் கண்ணுமில்லாத மூளையுமில்லாத ஒரு வைரஸ் டி.என்.ஏ.வின் சாயலை அவ்வளவு கச்சிதமாக எப்படிப் பிடித்தது என்பது மட்டும் இன்றுவரை எனக்குப் புரியவில்லை.