கொழுந்து லொறியும் கோயில் கயிறும்

பேராதனைச் சந்தியில் பச்சைத் தேயிலைக் கொழுந்து ஏற்றிய லொறி ஒன்று கடந்தது. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் பக்கத்தில் நின்ற தங்கையின் மணிக்கட்டை இறுகப் பிடித்தேன்.

நாங்கள் வளர்ந்த ஹந்தானைத் தோட்டத்து லயக் குடியிருப்பில் நோயாளிகளைக் கொழுந்து லொறியில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள். அப்படிப் போன மூன்று பேர் திரும்பவில்லை. தங்கைக்குக் காய்ச்சல் முற்றி மூச்சு வாங்கிய காலையில், லொறியோடு வந்த அப்பாவை உள்ளே விடாமல் அம்மா கதவைத் தாழிட்டாள்.

"அதுல ஏத்துனா புள்ள செத்துரும்!"

அப்பா கதவை இடித்தார். அப்போது எனக்கு ஒன்பது வயது. போன மூவரையும் நான் பார்த்திருந்தேன்.

"அம்மா, அவங்கள தண்ணிகூட எறங்காம போனப்புறந்தானே ஏத்துனாங்க? பாப்பா இன்னும் குடிக்குதும்மா!"

தம்ளரைத் தங்கையின் உதட்டில் வைத்தேன். பாதி வழிந்தது. பிறகு தொண்டை ஒருமுறை அசைந்தது.

அம்மா தாழ்ப்பாளை நீக்கினாள். லொறியில் ஏற்றும்போது தன் கையிலிருந்த கோயில் கயிற்றை அவிழ்த்துப் பிள்ளைக்குக் கட்டினாள்.

தங்கை பிழைத்தாள். கயிறுதான் காப்பாற்றியது என்று சொல்லி, அம்மா ஆண்டுதோறும் அவளுக்குப் புதிது கட்டிவிடுகிறாள். நான் சிரிப்பேன்.

இப்போது என் விரலுக்கடியில் வெறும் மணிக்கட்டுதான் இருந்தது.

"கயிறு எங்கடி?" என்று நடுச்சந்தியில் அதட்டினேன்.