மெஷினுக்கு ஒத்தடம்

எதையாவது தூக்கிப் போடலாம் என்று யாராவது சொன்னால் போதும், ரெனிட்டாவுக்கு மூக்கின் மேல் கோபம் வந்துவிடும். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்தவர். சுளுக்கிய கால்களுக்கு ஒத்தடம் கொடுத்து, நீவி நீவியே பிள்ளைகளை மறுபடி மைதானத்தில் ஓடவிட்டவர். ஓய்வு பெற்ற பிறகு அந்த வைத்தியமெல்லாம் வீட்டுச் சாமான்களின் தலையில் விடிந்தது.

சாந்தோம் வீட்டின் பின்கட்டில் நிற்கும் வாஷிங் மெஷின் அவருடைய செல்லம். மகன் ஆஸ்வின் கல்லூரியில் படித்தபோது வாங்கியது. இப்போது அவனுக்கே காதோரம் நரைத்துவிட்டது. கணவர் ஜாஸ்பருக்கோ அதைக் கண்டாலே ஆகாது. “பேரீச்சம்பழத்துக்குப் போடு ரெனி” என்று வாரம் ஒருமுறையாவது சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

சர்ச்சில் பங்குத் திருவிழாவுக்கு, பூசையில் சாமியாருக்கு உதவும் பீடச் சிறுவர்களின் வெள்ளை அங்கிகளைத் துவைத்துத் தருவது பங்கில் வீட்டுக்கு வீடு முறை வைத்துச் செய்யும் வேலை. இந்த வருடம் ரெனிட்டாவின் முறை. சாயங்காலம் தேர். காலையிலேயே எல்லா அங்கிகளையும் மெஷினுக்குள் திணித்து, வெள்ளைத் துணியாயிற்றே என்று வெந்நீரில் ஓடவிட்டார். கொஞ்ச நேரம் நன்றாகத்தான் சுற்றியது. பிறகு ஒரு முனகல், அப்புறம் மூச்சுப் பேச்சில்லை. தண்ணீர் வெளியேறவில்லை, கதவும் திறக்கவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் அங்கிகள் சோப்புத் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தன.

ரெனிட்டா பிளக்கைப் பிடுங்கினார். தண்ணீர் போகும் குழாய் எங்காவது மடங்கியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தார், இல்லை. கீழே ஓரத்தில் இருந்த ஃபில்டர் மூடியைத் திருகினார், அசையவில்லை. நங்கநல்லூரில் இருந்த மெக்கானிக், நாளைக்குத்தான் வர முடியும் என்று போனில் சொல்லிவிட்டார்.

தேருக்கு முன்னால் பிள்ளைகள் கட்டம் போட்ட சட்டையில் நிற்பதை நினைத்ததும் ரெனிட்டாவுக்கு அழுகை முட்டியது. பங்கு மொத்தத்துக்கும் என்ன பதில் சொல்வது? ஆற்றாமையில் மூடியின் விளிம்பை நகத்தால் சுரண்டினார். வெள்ளையாக, வழவழவென்று ஏதோ வந்தது. முகர்ந்து பார்த்தார். மெழுகு! மெதுவாகத் திரும்பி, பின்னால் நின்ற கணவரைப் பார்த்தார்.

ஈஸ்டருக்கு முந்தின பாஸ்கா இரவில் எல்லார் கையிலும் மெழுகுவத்தி எரியும். அங்கியெல்லாம் மெழுகு சொட்டியிருக்கும். துவைப்பதற்கு முன் அதன்மேல் காக்கித் தாளை வைத்து இஸ்திரி போட்டால் மெழுகு தாளில் ஏறிவிடும். நேற்று அந்த வேலையை நம்பி ஒப்படைத்தது ஜாஸ்பரிடம்.

“தேய்ச்சீங்களா இல்லியா?”

“தேய்ச்சேனே! முன்பக்கம் பூரா தேய்ச்சேன். மேட்ச் வேற ஓடிக்கினு இருந்துச்சா...”

“வரிசையில போற பையன் கையில இருந்து மெழுகு எங்கங்க சொட்டும்? முன்னால போறவன் முதுகுல! முதுகைத் தேய்க்காம முன்பக்கத்தைத் தேய்ச்சு இன்னா பிரயோஜனம்?”

வெந்நீரில் உருகி ஓடிய மெழுகு, ஃபில்டரில் போய் உறைந்து உட்கார்ந்துவிட்டது என்பது இருவருக்கும் புரிந்தது.

உறைந்தது உருகித்தானே ஆக வேண்டும்? ரெனிட்டா அடுப்பில் வெந்நீர் வைத்தார். துண்டை முக்கிப் பிழிந்து, ஃபில்டர் மூடிமேல் அழுத்திப் பிடித்தார்.

“மெஷினுக்குமா ஒத்தடம்?”

“பேசாம அடுத்த துண்டைப் பிழிஞ்சு குடுங்க.”

துண்டு மேல் துண்டாகப் போனது. கடைசியில் மூடி ‘கிறுக்’கென்று ஒரு சுற்று கொடுக்க, உள்ளே இருந்த தண்ணீர் மொத்தமும் பீறிட்டு ஜாஸ்பரின் லுங்கியை நனைத்தது. “வந்துருச்சு! வந்துருச்சு!” என்று சொட்டச் சொட்ட நனைந்த மனிதர் குதித்தார். ரெனிட்டா தரையிலேயே உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தார்.

ஃபில்டரை வழித்துக் கழுவி மாட்டியதும், மெஷின் ஒன்றுமே நடக்காததுபோல் அலசிப் பிழிந்து கொடுத்தது. மே மாத வெயில் மாடியில் மீதியைப் பார்த்துக்கொண்டது. காக்கித் தாளும் இஸ்திரிப் பெட்டியுமாக ஜாஸ்பர் யாரும் சொல்லாமலே உட்கார்ந்து, ஒவ்வொரு முதுகாகத் தேய்த்தார்.

சாயங்காலம் தேருக்கு முன்னால் பிள்ளைகள் பளிச்சென்று நடந்தார்கள். பக்கத்தில் நின்ற லிசா, “அடுத்த வருஷம் எங்க முறை ஆன்ட்டி. இவ்ளோ வெள்ளையா எனக்கு வராது, பயமா இருக்கு” என்றாள்.

ரெனிட்டா பதில் சொல்வதற்குள் ஜாஸ்பர் முந்திக்கொண்டார். “பயம் எதுக்கும்மா? எங்க வீட்டுக்கே குடுத்துடு. நம்ம மெஷின் இருக்கச்சொல்ல உனக்கு இன்னா கவலை?”

நம்ம மெஷின்! ரெனிட்டாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கூட்டத்தைப் பற்றிக் கவலைப்படாமல் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டார்.