கறுப்பு மையில் பூரணத்தின் பெயர்

பெரிய சூறாவளி அடித்து, மட்டக்களப்புத் தென்னைகள் தலையில்லாமல் நின்றதற்கு அடுத்த வருடம். அச்சகத்துக்குள் மண்ணெண்ணெயும் மையும் கலந்த வாசம்... இப்போதும் மூக்கில் நிற்கிறது.

எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்ல, மகள் போனில் தட்டுகிறாள். அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. காலால் மிதிக்கும் மெஷினை ஓட்டுவதும், அடித்த நோட்டீஸைச் சுவர்களில் ஒட்டுவதும் என் வேலை.

அங்கே மரத்தில் செதுக்கிய பெரிய எழுத்துகள் இருந்தன. ஒரு பக்கம் கட்டைவிரல் தடிப்பு, மறுபக்கம் தலைமயிர் மெலிவு. படம், கூத்து, திருவிழா என்றால் சிவப்பில் அடிப்போம். மரண அறிவித்தல் கறுப்பில். வாசிக்கத் தெரியாத நானே ஒட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்ப்பேன்... அவ்வளவு வடிவு.

கொக்கட்டிச்சோலைப் பக்கத்திலிருந்து அச்சகத்துக்குக் கொப்பி, அதாவது பள்ளிக்கூட நோட்டு, தைக்க வருவாள் பூரணம். தினமும் 'பாதை'யில், அதுதான் வாவியைக் கடக்கும் பெரிய மிதவை, ஏறி வருவாள். ஒருநாள் கேட்டாள்:

"என்ட பேர் இந்த எழுத்தில எப்பிடி இருக்கும்?"

அந்த மாதம்தான் அக்காவை அனுப்பி அவளைப் பெண் கேட்க இருந்தேன்.

அச்சுக் கோக்கும் செல்லையா அண்ணன் சிரித்துக்கொண்டே பெயரைக் கோத்துத் தந்துவிட்டு வீட்டுக்குப் போனார். சிவப்பில் அந்த மெல்லிய கோடு எடுபடாது. அதனால் கறுப்பில் அடித்தேன். ஒரே ஒரு தாள். காலையில் வந்து இறங்கும்போது பார்க்கட்டும் என்று துறைச் சுவரில் ஒட்டினேன்.

அவளுக்கு முன்னால், வயலுக்குப் போக வந்த அவளுடைய மாமா பார்த்தார். தலையில் அடித்துக்கொண்டு முதல் பாதையில் ஏறினார். அழுதபடி அவள் வீட்டுக்குள் போனால், பூரணம் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டு நிற்கிறாள்!

செல்லையா அண்ணன் என்னைத் தின்னாத குறை.

"மடையா! பேர மட்டும் தனியக் கறுப்பில ஒட்டினா சனம் செத்த வீடெண்டுதானே நினைக்கும்? எனக்கிட்ட ஒரு சொல்லுக் கேக்கக் கூடாதா மனே?"

அக்கா போனாள். பூரணத்தின் தாய் படலையைத் திறக்கவே இல்லை.

"உசிரோட இருக்கிற புள்ளைக்கு மரண நோட்டீஸ் ஒட்டினவனுக்கா பொண்ணு?"

தோஷம் கழியட்டும் என்று அந்த ஆவணியிலேயே மாமாவின் மகனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள்.

அதற்கு முன் ஒருநாள், தன் ஊசியையும் கத்தரிக்கோலையும் எடுக்க வந்தாள். நிலத்தைப் பார்த்தபடி சொன்னாள்:

"எழுத்து வடிவா இருந்திச்செண்டு சனம் சொல்லுது. மாமா கிழிச்சுப் போட்டார். எனக்குத்தான் பாக்கக் கிடைக்கல்ல."

இன்னொன்று அடித்துத் தரவா என்று வாய் வரை வந்தது... கேட்கவில்லை.

இப்போது துறை இருந்த இடத்தில் பாலம். மரண அறிவித்தலும் கலர்ப் படத்தோடு பிளாஸ்டிக்கில் தொங்குகிறது. அந்தப் பழைய எழுத்து போனுக்குள் திரும்பி வந்திருக்கிறதாம், தேத்தண்ணிக் கடைப் பலகைக்கெல்லாம் போடுகிறார்களாம். மகளிடம் அந்தப் பெயரைப் போட்டுக் காட்டச் சொன்னேன். "ஆரப்பா இது?" என்றாள். எழுத்து அதேதான். ஆனால் மரம் அழுத்திய தடம் தாளின் பின்பக்கத்தில் விரலுக்குத் தட்டுப்படுமே... போன் கண்ணாடியில் என்ன தட்டுப்படும்?

எனக்கு வாசிக்க வரும் ஒரே சொல் அதுதான். எந்த மரண அறிவித்தலைக் கண்டாலும் நின்று அந்தச் சொல்லைத் தேடுவேன். இல்லை என்று கண்டபிறகுதான் கால் நகரும்.

முதலாளி, செல்லையா அண்ணன், அந்த மாமா, அக்கா... எல்லோருடைய பெயரும் ஒட்டியாயிற்று. அந்த நாளின் ஆட்களில் என்னைத் தவிர மிச்சம் ஒருவர்தான். குருக்கள்மடத்தில், தன் மகள் வீட்டில், பூரணம்.