காயாத மடிப்பு

போன வாரம் என் மகளின் பள்ளிக்கூட ஷூ வாயைப் பிளந்துவிட்டது. பங்க்சர் கடையில் ஒட்டுகிற சொல்யூஷன் கொஞ்சம் கேட்டு வாங்கிவந்து நானே தடவினேன். உடனே ஒட்டச் சொல்லி அவள் நச்சரித்தாள். காயட்டும் என்று ஐந்து நிமிஷம் பிடிவாதமாக உட்கார வைத்தேன். அந்த வாடை மூக்கில் ஏறினால் போதும், எனக்கு வயசு இருபத்திரண்டு. ஆம்பூர்ப் பக்கத்து ஷூ கம்பெனியில் நீலக் கோட்டு மாட்டிக்கொண்டு மேஜை முன்னால் நிற்கிறேன். இவ்வளவு பொறுமை எனக்கு எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். கேட்காவிட்டாலும் சொல்லத்தான் போகிறேன்.

காலை ஏழு மணிக்குக் கம்பெனி பஸ் எங்கள் கூட்டுரோட்டுக்கு வந்துவிடும். எட்டரைக்குக் கேட்டைச் சாத்தினால் சாயங்கால பெல் அடிக்கும்வரை வெளியே போக முடியாது. பாத்ரூம் போக ஆறு பேருக்கு ஒரே டோக்கன். மதியத்தில் ஹைவே பக்கமிருந்து பிரியாணி வாசனை மட்டும் யாரையும் கேட்காமல் உள்ளே வந்து எங்கள் புளிசாதத்தைக் கேலி செய்யும். அந்த ஆறு பேர்தான் ஒரு குரூப். ஷூவின் மேல்தோல் ஒவ்வொருவர் கையாக நகர்ந்து போகும். நான் ஓரத்தில் சொல்யூஷன் தடவி, உள்பக்கம் மடித்து, சுத்தியலால் தட்டுவேன். அடுத்து கஸ்தூரியக்கா அதை மெஷினில் தைப்பார். யார் எத்தனை முடித்தார்கள் என்று மணிக்கு ஒரு தரம் போர்டில் எழுதுவார்கள். என் எண்ணிக்கைதான் எப்போதும் மேலே, அக்காவுடையது அடியில். எங்கள் இருவருக்கும் நடுவே ட்ரேயில் துண்டுகள் குவிந்து கிடக்கும்.

வேகமாக இருக்கிறவளைத் தலைவியாக்கினால் மற்றவர்களும் ஓடுவார்கள் என்று நினைத்து சூப்பர்வைசர் என்னைக் குரூப் லீடராக்கினார். கூடவே ஒரு வேலையும் கொடுத்தார். "அந்தம்மாவ நீதான் தேத்தணும். இந்த மாசத்துக்குள்ள ஏறலன்னா வேலைய விட்டு எடுத்துட வேண்டியதுதான்."

எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று பஸ்ஸில் வரும் எல்லோருக்கும் தெரியும். கஸ்தூரியக்கா புருஷனின் அடி தாங்காமல் அண்ணன் வீட்டுக்கு வந்தவர். சம்பளம் வரும்வரைதான் அங்கே சோறு. அது நின்றால் திரும்பப் புருஷன் வீட்டுக்குத்தான் போயாக வேண்டும்.

ஆகவே நான் அவரைத் தேற்ற ஆரம்பித்தேன். நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. பஸ்ஸில் பக்கத்து சீட்டைப் பிடித்துக்கொண்டு, மனசு வைத்தால் முடியாதது இல்லை என்று ஊர் வரும்வரை பேசுவேன். நேற்றைவிட இரண்டு துண்டு கூடினாலும் குரூப்பையே கைதட்டச் சொல்வேன். ஒருநாள் ஆற்காட்டிலிருந்து மக்கன் பேடா இனிப்பு வரவழைத்து, எண்ணிக்கை ஏறினால்தான் தருவேன் என்றேன். முப்பத்தைந்து வயசுப் பெண்ணுக்கு இப்படிப் பரிசு காட்டினேன். அன்றைக்கு ஏறவில்லை. மற்ற நாலு பேரும் நானும் தின்றோம்.

ஒரு சாயங்காலம் எனக்குப் பொறுமை போய்விட்டது.

"ஒனக்கு இன்னாதான்க்கா பேஜாரு? கை நல்லாத்தான இருக்குது?"

அக்கா தலை நிமிராமல் ஒரு துண்டின் ஓரத்தைக் கட்டைவிரல் நகத்தால் தேய்த்துக்கொண்டிருந்தார். "நீ ஜாஸ்தி வேகமா வர்றம்மா. நான் பின்னாடியே வரணும்ல" என்றார்.

அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன்.

மாசக் கடைசியில் அவரை எடுத்துவிட்டார்கள். கோட்டைக் கழற்றி மெஷின்மேல் வைத்துவிட்டு, டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போனார். அந்தக் கேட்டு நடுப்பகலில் ஒருத்தருக்காகத் திறந்ததை அன்றுதான் பார்த்தேன். வெளியே போகிறவர்தான் மாட்டிக்கொண்டார் என்பது உள்ளே இருந்த எங்கள் ஐந்து பேருக்கும் தெரியும். எல்லோரும் அடுத்த துண்டைக் கையில் எடுத்தோம்.

புது ஆள் வரவில்லை என்று மறுநாள் காலை என்னையே அந்த மெஷினில் உட்கார வைத்தார்கள். ட்ரேயில் இருந்தது முந்தின நாள் மடிப்பு. முதல் துண்டை ஊசிக்கடியில் வைத்ததும் ஓரம் திறந்துகொண்டது. இரண்டாவதும் அப்படியே. நகத்தால் அழுத்திக் கொஞ்ச நேரம் பிடித்தால்தான் தைக்கவே முடிந்தது. வேறு குரூப்பின் மடிப்பு கலந்துவிட்டதோ என்று கோபத்தோடு திருப்பிப் பார்த்தேன். உள்பக்கம், மடித்தவர் நம்பர் போடும் இடத்தில், வெள்ளிப் பேனாவில் ஏழு என்று எழுதியிருந்தது. என் நம்பர்.

சொல்யூஷன் காயும் முன்பே மடித்துத் தட்டியதுதான் என் வேகம். அக்கா ஒவ்வொன்றையும் சரிசெய்து தைத்திருக்கிறார். திருப்பி அனுப்பியிருந்தால் என் நம்பர் ரிஜெக்ட் நோட்டில் ஏறி, நான் வெளியே போயிருப்பேன். அது அவருக்குத் தெரியும். அதனால்தான் அனுப்பவில்லை.

பத்து மணிக்கு சூப்பர்வைசர் வந்து நின்றார். "இன்னாம்மா, நீயும் ஸ்லோவாயிட்ட?"

உண்மையை அன்றே சொல்லியிருந்தால் அக்காவை அன்றே திரும்பக் கூப்பிட்டிருப்பார்கள். தையலுக்கு ஆள் இல்லாத நேரம் அது.

"நூல் அறுந்துக்கினே இருக்குது சார்" என்றேன்.

பயந்துவிட்டேன், வேறு காரணம் எதுவும் இல்லை. தையலுக்குப் புது ஆள் வந்த பிறகு இரண்டு வருஷம் என் பழைய மேஜையில் நின்று ஒவ்வொரு துண்டையும் காயவைத்தே மடித்தேன். போர்டில் என் எண்ணிக்கை அடிக்கு வந்தது, தையல் எண்ணிக்கை ஏறியதால் வேலை மட்டும் தப்பியது. லீடர் பதவி போனது. அதில் எனக்குக் கொஞ்சம்கூட ஆறுதல் கிடைக்கவில்லை.

பல வருஷம் கழித்து ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் அக்காவின் அண்ணனைப் பார்த்தேன். எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். "அவ புருஷன் வீட்லதான் இருக்கா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு "தெனம் பஸ்ல அவளுக்குத் தைரியம் சொன்ன பொண்ணு நீதான? உன்ன மாதிரி யாரும் பேசலன்னு இன்னும் சொல்லுவா" என்றார்.

ஆமாம் என்று தலையாட்டினேன்.

அந்தக் கம்பெனி மூடி ஆறு வருஷமாகிறது. மெஷின்களை எடைக்குப் போட்டுவிட்டார்கள், ஷெட்டில் யாரோ சிமெண்ட் மூட்டை அடுக்கியிருக்கிறார்கள். சூப்பர்வைசர் எந்த ஊரில் இருக்கிறார் என்று யாருக்கும் தெரியவில்லை. இப்போது நான் போய் உண்மையைச் சொன்னாலும், கஸ்தூரியைத் திரும்ப வரச் சொல் என்று சொல்ல அங்கே ஒரு ஆள் இல்லை.