ரெண்டங்குலம் வாங்கிய சைக்கிள்

என் அக்காவைக் கட்டிக்கொண்டவருக்கு ஊரில் 'ரெண்டங்குலம்' என்று பெயர். முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவார்கள், அவரும் திரும்பிப் பார்ப்பார். வீட்டின் முன்பக்கத்திலேயே பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற கடை வைத்திருக்கிறார். எந்தப் பிள்ளை வந்து நின்றாலும் அளவெடுத்து, அதோடு இரண்டு அங்குலம் கூட்டித்தான் வெட்டுவார். கூடுதல் துணியை உள்ளே மடித்துத் தைத்துவிடுவார். பிள்ளை வளர வளர மடிப்பைப் பிரித்து இறக்கிக்கொள்ளலாம். பெற்றோருக்கு இதில் பரம சந்தோஷம். பிள்ளைகளை யாரும் கேட்டதில்லை.

அத்தான் டேப்பைப் பிடித்து அளவைச் சொல்வார், அக்கா எழுதுவாள். அவர் "இருபத்தாறு" என்றால் அக்கா இருபத்தெட்டு என்று எழுதுவாள். கூட்டு என்று அவர் சொல்வதில்லை, கூட்டட்டுமா என்று அவளும் கேட்பதில்லை. அவர்கள் குடும்பத்தில் சண்டை வராமல் நடக்கிற ஒரே காரியம் இதுதான்.

ஊரார் பிள்ளைகளுக்கு இரண்டு அங்குலம் என்றால் சொந்த மகளுக்கு நாலு. பாசம் என்றால் சும்மாவா? வீட்டில் அவளைப் பாப்பா என்று கூப்பிடுவோம், அப்போது பத்து வயதைத் தொட்டுக்கொண்டிருந்தாள். அவள் பாவாடையின் அடிமடிப்பு அட்டை மாதிரி தடித்திருக்கும். ஷூ முனையில் துணி அடைத்திருக்கும். மழைக்கோட்டு போட்டுக்கொண்டு போனால் கோட்டு மட்டும் தனியாக நடந்து போவது மாதிரி இருக்கும். 'வளர்ற பிள்ளை' என்பதைத் தன் பெயரில் ஒரு பாதி என்றே அவள் நினைத்திருப்பாள்.

என்னையும் விட்டுவைக்கவில்லை. நான் மருந்து மொத்த வியாபாரத்தில் வேன் ஓட்டுகிறேன். எனக்குத் தைத்துத் தருகிற சட்டையில் இன்னொரு ஆளும் தாராளமாக உட்காரலாம். கேட்டால், "உடம்பு போடுவீங்க மாப்ளே" என்பார். எனக்கு நாற்பது வயது நெருங்குகிறது. இன்னும் காத்திருக்கிறார்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பழைய துணியைப் பார்த்து ஆளைச் சொல்வதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. பழுது பார்க்க வருகிற சீருடையைக் கையில் எடுத்ததும், இந்தப் பையன் இடது கையால் மூக்கைத் துடைக்கிறான், இந்தப் பிள்ளை டீச்சர் கேள்வி கேட்டால் பாவாடை நுனியைத் திருகுகிறது, இது சுவரேறிக் குதிக்கிற கேஸ் என்று வரிசையாகச் சொல்வார். அம்மாக்கள் வாயடைத்துப் போவார்கள். பிள்ளைகள் அந்தக் கடைப் பக்கமே வரமாட்டார்கள்.

இந்த மனிதர்தான் மகளுக்கு சைக்கிள் வாங்கக் கிளம்பினார்.

விஷயம் இதுதான். எங்கள் தெருவில் பாப்பாவின் கூட்டாளிகள் மூன்று பேர் சைக்கிளில் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தார்கள். காலையில் தெருமுனையில் நின்று பெல் அடித்து ஒருவரை ஒருவர் கூப்பிட்டுக்கொண்டு கும்பலாகப் போவார்கள். பாப்பா மட்டும் அக்காவோடு பஸ்ஸில் போனாள். ஜன்னல் வழியாக அந்த மூன்று பேரும் பின்னால் போவதைப் பார்த்துக்கொண்டே போவாளாம். அவள் ஒரு கூட்டாளியின் சைக்கிளில் ஓட்டப் பழகியும் விட்டாள். அவளுக்கு வேண்டியதெல்லாம் அந்தக் கும்பலில் நாலாவது ஆளாகப் போவதுதான். அதை அவள் வாய்விட்டுச் சொன்னதே பெரிய அதிசயம். சொல்லிவிட்டாள்.

"வாங்கிடலாம். ஆனா ஒண்ணு, வாங்கினா நல்ல சாமானா வாங்கணும்" என்றார் அத்தான்.

வேன் வேண்டும் என்பதால் நானும் போனேன். சைக்கிள் கடையை நடத்துவது ஒரு அம்மா. வாசலிலேயே பாப்பாவைத் தலையிலிருந்து கால்வரை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஒரு சிவப்பு சைக்கிளை இழுத்துக்கொண்டு வந்தார். "ஏறி நில்லும்மா." பாப்பா காலை அகட்டி நின்றாள். இரண்டு பாதமும் தரையில் பதிந்தன. விரல்கள் பிரேக்கைப் பிடித்தன. "அவ்வளவுதான் சார். இது இவளுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு."

பாப்பா பெல்லை ஒரு தடவை அடித்துப் பார்த்துவிட்டு அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

"சரியா இருக்கே" என்றார் அத்தான். அவர் வாயில் அது குற்றச்சாட்டு. "அடுத்த வருஷம் என்ன பண்றது? இதுக்கு மேல சைஸ் காட்டுங்க."

மேல் சைஸ் வந்தது. பாப்பாவின் நுனிவிரல்கள் தரையைத் தொட்டன. அதற்கும் மேல் சைஸ் கேட்டார். அது வந்தபோது அவளைத் தூக்கித்தான் உட்கார வைக்க வேண்டியிருந்தது.

அதன்பிறகு அத்தான் தரம் பார்த்தார். கண்கொள்ளாக் காட்சி. குழாயும் குழாயும் சேருகிற வெல்டிங்கைக் கட்டைவிரலால் தடவி, தையல் பார்ப்பது மாதிரி ஓரம் ஓரமாகப் பார்த்தார். சக்கரத்தைச் சுழற்றிவிட்டுக் கோணல் இருக்கிறதா என்று ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டார். சங்கிலி மூடியைத் தட்டிப் பார்த்தார். ஒரு சைக்கிளை, சீட்டு உறையில் தையல் இடைவெளி அதிகம் என்று தள்ளுபடி செய்தார். கடைசியில் அவர் தேர்ந்தெடுத்தது அந்தக் கடையிலேயே உருப்படியான சைக்கிள். அதில் நான் குறை சொல்லமாட்டேன். பத்து வருஷம் உழைக்கும். நன்றாக ஓடும், ஓட்ட ஆள் இருந்தால்.

"சார், பிள்ளைக்குக் கால் எட்டலையே" என்றார் அந்த அம்மா.

"எட்டும்."

"எப்போ சார்?"

"வளர்ற பிள்ளைங்க."

நான் என் பங்குக்கு, "அத்தான், சைக்கிளை உள்ள மடிச்சுத் தைக்க முடியாது" என்றேன். "சீட்டை இறக்கலாம்ல?" என்று அதை அவர் அடித்துவிட்டார். சீட்டை அடியோடு இறக்கினார்கள். அப்போதும் எட்டவில்லை. பாப்பா சிவப்பு சைக்கிளைத் திரும்பிப் பார்க்காமல் வந்து வேனில் ஏறினாள்.

முதல் நாள் தையல் கடை வாசற்படியில் நின்று ஏறினாள். கொஞ்ச தூரம் போனாள், நிறுத்தத் தெரியாமல் ஒரு பக்கமாகச் சரிந்து விழுந்தாள். முழங்கை சிராய்ந்தது. "பழகிடும்" என்றார் அத்தான். பாப்பாவும் தலையாட்டினாள்.

பழகித்தான் விட்டது என்று நினைத்தோம். தினமும் காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனாள், சாயந்தரம் கொண்டுவந்து நிறுத்தினாள். எங்கள் சந்து குறுகல், முனை வரைக்கும் யாருமே தள்ளிக்கொண்டுதான் போவார்கள். சீக்கிரமே கிளம்பிவிடுவாள். படிப்பில் அக்கறை வந்துவிட்டது என்று அக்காவுக்குப் பூரிப்பு.

அத்தானுக்கோ தலைகால் புரியவில்லை. மாதக்கணக்கில் ஓடியும் சைக்கிளில் ஒரு தேய்மானம் இல்லை. டயரின் மேல் இருந்த சின்ன ரப்பர் முட்கள்கூட உதிரவில்லை. சீட்டில் ஒரு சுருக்கம் கிடையாது. அளவு கொடுக்க வருகிறவர்களை எல்லாம் வாசலுக்குக் கூட்டிப்போய்க் காட்டுவார். "தொட்டுப் பாருங்க. தினம் ஓடுற வண்டி. நல்ல சாமான்னா இதுதான்." அவர்களும் தொட்டுப் பார்த்துவிட்டுப் பாராட்டுவார்கள். சீருடை தைத்து வாங்க வேண்டுமே.

அரையாண்டு விடுமுறைக்கு முன்னால் பழுது பார்க்கும் துணி மலை மாதிரி வந்து குவியும். அப்படி ஒரு மத்தியானம் நான் வேனைச் சந்து முனையில் போட்டுவிட்டு வந்து உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அத்தான் ஒவ்வொன்றாக எடுத்து வழக்கம்போல ஜாதகம் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா நூல் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"இது சைக்கிள் பிள்ளை. பின்பக்கம் பாரு, சீட்டு பட்டுத் தேஞ்சு பளபளன்னு இருக்கு. ஒட்டுப் போடணும்." அதை ஒருபக்கம் வைத்தார். அடுத்த பாவாடையை எடுத்தார். புரட்டினார். வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது வேடிக்கையா இருக்கு. பின்பக்கம் புதுசு மாதிரி இருக்கு. வலது பக்கம் மட்டும் கீழ இழை இழையாப் போயிருக்கு. பெடல் பல்லு பட்டு இழுத்த மாதிரி." கொஞ்சம் யோசித்தார். "இந்தப் பிள்ளை சைக்கிள்ல உக்காரவே இல்ல. தினம் தள்ளிக்கிட்டே நடக்குது. பாவம், யாரு பெத்த பிள்ளையோ."

சொல்லிக்கொண்டே அடிமடிப்பைப் பிரிக்கத் திருப்பினார். மடிப்பு நாலு அங்குலம் இருந்தது.

ஊரில் நாலங்குல மடிப்பு வைத்த பாவாடை ஒரே பிள்ளையிடம்தான் உண்டு.

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். "என்னங்க, அது நம்ம பாப்பாவோடது" என்றாள். அவருக்கு அது தெரிந்துவிட்டது என்று தெரிந்தும் சொன்னாள். நான் தட்டைத் தள்ளி வைத்தேன். அத்தான் அந்தப் பாவாடையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். அதன்பிறகு அன்றைக்கு அவர் யாருக்கும் ஜாதகம் சொல்லவில்லை.

நான் வேலைக்குத் திரும்பவில்லை. மருந்து கொஞ்சம் தாமதமாகப் போனால் குடி முழுகிவிடாது. சாயந்தரம் பாப்பா சந்துக்குள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அவள் தோள் உயரத்துக்கு ஹேண்டில்பார். பெடல் காலில் இடிக்காமல் இருக்க வலது காலை ஒரு தினுசாக எட்டி வைத்து நடந்தாள். அவ்வளவு நாளும் அந்த நடையைப் பார்த்தும் அவள் நடையே அப்படித்தான் என்று இருந்திருக்கிறோம்.

அத்தான் வாசலில் நின்றார். "ஓட்டவே இல்லையா பாப்பா?"

அவள் ஸ்டாண்டைப் போட்டாள். "ரெண்டு மூணு தடவ ஏறிப் பார்த்தேன்ப்பா. விழுந்துட்டேன்."

"ஏன் சொல்லல?"

"நீங்க எட்டும்னு சொன்னீங்கல்ல? அதான் எட்டட்டும்னு இருந்தேன்." அழவில்லை, கோபமும் இல்லை. "இப்ப கொஞ்சம் வளர்ந்திருக்கேன். தினம் சீட்டு பக்கத்துல நின்னு பாக்குறேன்."

"உன் கூட்டாளிங்க?"

"முதல்ல அவங்களும் இறங்கி என்கூடத் தள்ளிக்கிட்டு வந்தாங்க. அப்புறம் லேட்டாகுதுன்னு போயிட்டாங்க. இப்ப பெல் அடிக்கிறதில்லப்பா."

இதைச் சொல்லிவிட்டுப் பை வைக்க உள்ளே போகப் பார்த்தாள். அத்தான் அவளைப் பிடித்து நிறுத்தினார். கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்தார். மண்டியிட்டு, அவளை நேராக நிற்கச் சொல்லி, உள்காலில் வைத்துத் தரைவரை அளந்தார். ஒருமுறை அளந்தது போதாமல் மறுபடி அளந்தார்.

"இருபத்து மூணரை" என்றார்.

அக்கா பென்சிலை எடுத்து இருபத்தேழரை என்று எழுதினாள். பல வருஷத்துக் கை, அது பாட்டுக்கு எழுதிவிட்டது.

"கூட்டாத" என்றார் அத்தான். பென்சிலை வாங்கி அதை அடித்துவிட்டு, "இருக்கிறதை எழுது. இன்னிக்கு இருக்கிறதை" என்றார்.

அன்றைக்கே வேனை எடுத்தோம். சைக்கிள் கடை அம்மா எங்களைப் பார்த்ததும் உள்ளே போய் சிவப்பு சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். அது அவ்வளவு நாளும் விற்காமல் கிடந்தது எங்கள் அதிர்ஷ்டம். அத்தான் வெல்டிங்கைத் தடவவில்லை, சக்கரத்தைச் சுழற்றவில்லை. பாப்பா ஏறி நின்றபோது அவள் பாதங்களை மட்டும் பார்த்தார். இரண்டும் தரையில் இருந்தன. அவள் வேனில் ஏறமாட்டேன் என்றாள். வீடு வரைக்கும் நான் வேனை அவள் பின்னால் ஊர்ந்துகொண்டு ஓட்டினேன், எனக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் ஹாரன் அடித்துத் திட்டினார்கள். நன்றாகத் திட்டட்டும் என்று இருந்தது எனக்கு.

பெரிய சைக்கிள் வீணாகவில்லை. அது அக்காவுக்குக் கச்சிதமாக இருந்தது, அளவெடுத்து வாங்கியது மாதிரி. தைத்த துணியை வீடு வீடாகக் கொடுக்க அதில்தான் போகிறாள்.

அத்தான் திருந்திவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். சீருடைக்கு இன்னும் இரண்டு அங்குலம் கூட்டுகிறார். என் சட்டையில் இன்னும் இரண்டு பேர் இருக்கிறோம்.

அடுத்த பரீட்சைக்குள் பாப்பாவின் பாவாடை பின்பக்கம் தேய்ந்து பளபளவென்று ஆகிவிட்டது. அக்கா ஒட்டுப் போட எடுத்தாள். அத்தான் கொடுக்கவில்லை. புதிதாக ஒன்று தைத்துக் கொடுத்துவிட்டு, பழையதைத் தையல் மெஷினுக்கு மேலே ஆணியில் மாட்டிவைத்தார். அளவு கொடுக்க வருகிறவர்களிடம் அதைக் காட்டுவார். ஒருநாள் ஒரு அம்மா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "என்னங்க, நல்ல துணி இல்லையோ? இப்படித் தேஞ்சு கிடக்கே" என்றார்.

"ஆமாங்க" என்றார் அத்தான். "நல்லா தேஞ்சிருக்கு."