என் சட்டைக்கு எடுத்த பாடை

யாழ்ப்பாணத்தில் எங்கள் கல்லூரிக்கும் அடுத்த கல்லூரிக்கும் வருடத்துக்கு ஒருமுறை உதைபந்தாட்டப் போட்டி நடக்கும். நான் முன்வரிசையில் விளையாடினேன். என் கடைசி வருடத்தில் நாங்கள் தோற்றோம். தோல்வியைப் பொறுத்துக்கொண்டேன். பிறகு அவர்கள் செய்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

விடுதிக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த என் பச்சைச் சட்டையைக் களவெடுத்துப் போய், பாடை கட்டி, அதன்மேல் விரித்து, தகரம் தட்டி ஊர்வலம் விட்டார்கள். முன்னால் நின்று மார்பில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தவன் அவர்களுடைய பின்வரிசைக்காரன். போட்டி முழுவதும் என்னை மறித்தவனும் அவன்தான்.

“கோலடிக்கப் போன ராசா, குப்புற நீ விழுந்தாயோ” என்று அவன் பாட, பெண்கள் கல்லூரி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அதில் நான் விரும்பிய ஒருத்தியும் இருந்தாள். கல்லூரியை விட்டுப் போகும்வரை, நான் சைக்கிளில் போகும்போதெல்லாம் எவனாவது அந்த வரியை எடுத்து விடுவான்.

எண்பதுகளின் நடுவில் பாரிஸ் வந்தேன். தமிழ்க் கடைகள் இருந்த லா சப்பல் பகுதிக்குப் பக்கத்தில் ஓர் அறை, உணவகமொன்றில் கோப்பை கழுவும் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தமிழ்க் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது எனக்குப் பின்னால் ஒருவன் மெல்லிய குரலில் பாடினான். அதே வரி. திரும்பினேன். அவனேதான். மெலிந்திருந்தான். சிரிப்பு மட்டும் மெலியவில்லை.

“இன்னும் உயிரோடைதான் இருக்கிறியோ?” என்றான்.

“ஓம். உன்னைப் பாடையிலை ஏத்தாமல் போகமாட்டன்.”

அவன் பகிடி என்று நினைத்தான். நான் பகிடி விடவில்லை.

என் அறையில் இருந்தவன் எங்கள் கல்லூரியின் பழைய கோல்காப்பாளன். நான் சொன்னதும் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தான். “மச்சான், அவங்கட ஆக்களும் இஞ்சை நிறையப் பேர் இருக்கிறாங்கள். ஒரு மேட்ச் வைப்பம்” என்றான்.

புறநகரான பொபினியில் குடியிருந்த புதுச்சேரிக்காரர் ஒருவர், தபால்துறையில் வேலை பார்த்தவர், நகரசபையில் பேசி மைதானம் எடுத்துத் தந்தார். நடுவராக நிற்கவும் சம்மதித்தார்.

அந்தக் கோடை முழுவதும் நான் கால்வாய்க் கரையில் ஓடினேன். சிகரெட்டை விட்டேன். வேலையில் சட்டி தேய்க்கும்போது அவன் முகத்தைத்தான் தேய்த்தேன். தேய்த்தபடியே ஒப்பாரிக்கு வரி கட்டினேன். அவனுடைய நடை, அவனுடைய மூக்கு, அவன் படித்த கல்லூரி, ஒன்றையும் விடவில்லை. கடைகள் வெளியே எறிந்த மரப்பெட்டிகளை உடைத்து, தரை கூட்டுகிற இரண்டு நீளத் தும்புத்தடிகளில் ஆணி அறைந்து, நானும் கோல்காப்பாளனும் பாடை கட்டினோம். பார்பெஸ் சந்தையில் அவர்களுடைய மஞ்சள் நிறத்தில் ஒரு சட்டை வாங்கி, அவனுடைய இலக்கத்தை நானே தைத்தேன்.

போட்டியன்று புதுச்சேரிக்காரர் அவனையும் என்னையும் தனியாகக் கூப்பிட்டார். “சண்டை கிண்டை போட்டா ரெண்டு பேரையும் வெளிய அனுப்பிடுவேன், மெஸ்யே. நகரசபைக்கு நான்தான் பதில் சொல்லணும்” என்றார்.

சண்டை பிடிக்க எங்களுக்கு மூச்சில்லை. பத்து நிமிடத்திலேயே பாதிப்பேர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார்கள். நான் மட்டும் ஓடினேன். கடைசி நேரத்தில் பந்து எனக்கு வந்தது. அவன் குறுக்கே வந்தான். அவன் கால்களுக்கு நடுவால் பந்தைத் தட்டிவிட்டு, சுற்றிப் போய் உதைத்தேன். கோல். அவன் புல்லில் உட்கார்ந்திருந்தான். அந்த ஒரு நிமிடத்தில் எனக்கிருந்த சந்தோசம் பிரான்சுக்கு வந்த பிறகு வேறெதிலும் கிடைத்ததில்லை.

விசில் ஊதியதும் கோல்காப்பாளன் பாடையைக் கொண்டுவந்தான். எங்கள் ஆட்கள் கைதட்டிச் சிரித்தார்கள். நான் முன்னுக்குப் போய் தொண்டையைச் செருமினேன்.

அவன் எழுந்து வந்து மஞ்சள் சட்டையைப் பார்த்தான். பிறகு குனிந்து முன்பக்கத் தடியைப் பிடித்தான்.

“என்ன செய்யிறாய்?” என்று கேட்டேன்.

“போன மாசம் ஊரிலை ஆமி அடிச்ச ஷெல் விழுந்து என்ர தம்பி செத்தவன். விசாப் பேப்பர் இல்லாமல் நான் போகேலாமல் போச்சு. அவன்ர பாடையைத் தூக்கக் கிடைக்கேல்லை.” தடியைத் தோளில் வைத்தான். “பின்னுக்குப் பிடி. ஒருக்காச் சுத்தி வருவம்.”

சிரிப்புகள் நின்றன. வேறு வழியில்லாமல் பின்பக்கத்தை நான் பிடித்தேன். மைதானத்தைச் சுற்றி நடந்தோம். இரண்டு கல்லூரிக்காரர்களும் பின்னால் வந்தார்கள். புதுச்சேரிக்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். எனக்கு முன்னால் அவன் முதுகு குலுங்கிக்கொண்டிருந்தது. எனக்கும் கண் கலங்கியது. ஆனால் கோபம் போகவில்லை. இத்தனை வருடம் காத்துக் கட்டிய ஒப்பாரியில் ஒரு வரிகூட வாயில் வரவில்லை. அதையும் இவன் பறித்துவிட்டான் என்ற நினைப்போடுதான் நடந்தேன்.

அடுத்த கிழமை லா சப்பலில் அவனைக் கண்டேன். மனது கேட்காமல் பக்கத்தில் போனேன்.

“தம்பியின்ர விசயம் எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தால் அந்தப் பாடையைக் கொண்டுவந்திருக்க மாட்டன்” என்றேன்.

அவன் தலையாட்டினான். தேத்தண்ணி வாங்கித் தந்தான். இருவரும் நின்றபடி குடித்து முடித்தோம். கிளம்பும்போது கோட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டே சொன்னான்:

“அண்டைக்கு நீ அடிச்ச கோல் ஓஃப்சைட். ஆரிட்டையும் கேட்டுப் பார்.”

தெருமுனைத் தொலைபேசிக் கூண்டுக்குள் போய், அடுத்த கோடைக்கும் மைதானம் எடுக்க முடியுமா என்று புதுச்சேரிக்காரரிடம் கேட்டேன்.