பஸ்ரியன் அலசிய சேறு

பேசாலையில் பஸ்ரியனுடைய வள்ளத்தில் ஏறுகிறவர்கள் முதலில் காலைக் கழுவ வேண்டும். திருநாளுக்கு வள்ளத்தை மந்திரிக்க வந்த பாதரிடமே, "பாதர், கால்" என்று வாளித் தண்ணீரை நீட்டிய மனிதர் அவர். சிலிண்டர் கட்டிச் சுழியோடிக் கடலட்டை பிடிப்பதுதான் தொழில். பிடித்த அட்டையையும் அலசாமல் மேலே ஏற்றமாட்டார். பலகையில் ஒரு பொட்டுச் சேறு பட்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. இதனால் மனைவி மார்த்தாவுக்கு ஏதோ சுகம் என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டில் அந்த ஆள் தேத்தண்ணி குடித்த கோப்பையைக்கூடக் கழுவியதில்லை.

அந்த வருடம் ஏதோ ஒரு கப்பல் கடலில் எண்ணெயைக் கொட்டிவிட்டுத் தன் பாட்டில் போய்விட்டது. கரை முழுக்கத் தார்க்கட்டி. கடலின் அடி எப்படியிருக்கிறது என்று பார்க்கக் பல்கலைக்கழகத்திலிருந்து வசந்தமலர் வந்தாள். சேற்றுக்குள் வாழும் புழுக்களும் பொடிச் சிப்பிகளும் உயிரோடு இருந்தால் தொழில் நடக்கும். இல்லாவிட்டால் சுழியோடத் தடை. தடை வந்தால் பஸ்ரியனுக்குப் பெரியமடு வயல்தான் கதி. "யோசியாதைங்கோ, என்ரை வயலிலை நாத்து நட வாங்கோ" என்று சிநேகிதர் சீவரத்தினம் வாஞ்சையோடு கூப்பிட்டிருந்தார். விடிந்தது முதல் பொழுதுபடும்வரை முழங்கால் சேறு. நினைக்கவே பஸ்ரியனுக்குக் கால் கூசியது.

அதனால் அடிச் சேறு எடுத்துத் தரும் வேலையைத் தானே கேட்டு வாங்கினார். குழாயைக் கீழே குத்தி நிரப்பி மேலே வருவார். தண்ணீரில் மிதந்தபடியே வாளியில் கொட்டித் தெளியத் தெளிய அலசுவார். பிறகுதான் வள்ளத்தில் வைப்பார். வசந்தமலரோ கடல் ஒத்துக்கொள்ளாமல் மறுபக்க விளிம்பைப் பிடித்தபடி சத்தி எடுத்துக்கொண்டிருந்தாள்.

கரைக்கு வந்து அரிதட்டில் போட்டு அரித்துப் பார்த்தாள். வெறும் மணல்.

"ஒரு புழுவும் இல்லை, அண்ணை. அடி செத்துப்போச்சுது. மீன்பிடிக் கந்தோருக்குச் சொல்லத்தான் வேணும்."

பஸ்ரியனுக்கு நாடி விழுந்துவிட்டது. "எவ்வளவு துப்பரவாக் கொண்டுவந்து தந்தனான், மிஸ். ஒவ்வொரு வாளியா அலசினனான்."

அவள் அரிதட்டைக் கீழே வைத்தாள். "என்னத்தை அலசினனீங்கள்?"

"சேத்தைத்தான். அலசாத சேத்தை ஆரும் வள்ளத்திலை ஏத்துவினமே?"

"நான் தேடி வந்த சீவனெல்லாம் அந்தத் தண்ணியோட போட்டுது, அண்ணை." அவளுக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. "என்ரை பிழையும்தான். முதலே சொல்லியிருக்கவேணும்."

மறுநாள் திரும்பவும் போனார்கள். சேற்றை அப்படியே பலகையில் கொட்டச் சொன்னாள் வசந்தமலர். பஸ்ரியன் சிலுவை போட்டுக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு கொட்டினார். கறுப்புச் சேறு மண்ணெண்ணெய் மணத்தோடு வள்ளம் முழுக்கப் பரவியது.

"கண்ணைத் திறந்து பாருங்கோ, அண்ணை."

அரிதட்டில் சிவப்புப் புழுக்கள் நெளிந்தன. பொடிச் சிப்பி ஒன்று மெல்ல வாய் திறந்தது.

"இருக்கவேண்டிய அளவு இல்லை. எண்ணெய் கொஞ்சத்தைக் கொண்டுதான் போட்டுது" என்றாள் அவள். "ஆனா தடை போடுற அளவுக்குச் சேதம் இல்லை."

பஸ்ரியன் ஒரு புழுவை விரலில் எடுத்தார். அது விரலைச் சுற்றியது. கடலைப் பார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டு அழுதார்.

பின்னேரம் கரைக்கு வந்த மார்த்தா வள்ளத்தைப் பார்த்துத் திகைத்துப்போனாள். "இஞ்சாருங்கோ, இதென்ன கோலம்? கழுவேல்லையோ?"

பஸ்ரியன் சேற்றுக்குள் காலை நீட்டி வசதியாக உட்கார்ந்திருந்தார். "இண்டைக்குக் கிடக்கட்டும்."

காய்ச்சலோ என்று மார்த்தா அவருடைய நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.